புதிய பொறியிற் பழைய அச்சம்

பழைய நூலொன்றை மீளப் படிப்பவன் பெறும் பயன் ஒன்று. பழைய கணினி விளையாட்டொன்றை மீள ஆடுபவன் பெறும் பயன் மற்றொன்று. நூலானது கண்ணையும் வெளிச்சத்தையும் மொழியறிவையுமே தன்னைப் படிப்பானிடத்து வேண்டிநிற்கும். கணினி விளையாட்டோ தான் பிறந்த காலத்துப் பொறியையும் உடன் வேண்டிநிற்பது. அப்பொறி வழக்கொழிந்த நாளிலே விளையாட்டும் வழக்கொழிகின்றது. இறுவட்டுப் பழுதுறாது பேழையுட் கிடப்பினும் அதனை இயக்கும் பொறி இல்லையாயின் அது படிப்பாரற்ற எழுத்தேயாகும். அமெரிக்காவிலுள்ள வீடியோ கேம் ஹிஸ்ரரி பவுண்டேஷன் என்னும் அமைப்பு 2023ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வொன்று, அந்நாட்டில் 2010ஆம் ஆண்டுக்கு முன் வெளிவந்த விளையாட்டுகளுள் நூற்றுக்கு 87 கடையிற் கிடையாதன எனக் கணக்கிட்டுரைத்தது. அழிவு இத்துணை விரைவில் நேர்ந்த கலை பிறிதொன்று உண்டோ என ஐயுறல் வேண்டும்.

எஞ்சியவையும் பிறந்த கோலத்தில் வந்து சேர்வதில்லை. திருத்தியும், மெழுகியும், சிலவிடத்து அடியோடு இடித்துக் கட்டியும் அவை இன்றைய கணினிக்கு ஏற்றனவாக ஆக்கப்படுகின்றன. இவ்வேலை செய்வோரைப் பதிப்பாசிரியர் என்றே கொள்ளலாம். ஏட்டுச் சுவடியைப் பதிப்பிப்பவனுக்கு ஏற்படும் இடர்ப்பாடு அனைத்தும் இவர்க்கும் உண்டு: எது ஆசிரியன் பாடம், எது எழுதினோன் பிழை, எது செல்லரித்த இடம் எனப் பிரித்தறிதல் வேண்டும். வீரச் செயலையும் அச்சத்தையும் பொருளாகக் கொண்ட விளையாட்டுகளிலே இவ்விடர் இருமடங்காகின்றது. ஏனெனின், அவற்றுட் சிறந்தனவற்றில், பழைய பொறியின் குறைபாடு எங்கே முடிகின்றது, ஆசிரியன் கருத்து எங்கே தொடங்குகின்றது என வரையறுத்துக் கூறுதல் எளிதன்று.

பழைய விளையாட்டைப் புதிய கணினியில் இயக்க முற்படுவார்க்கு முதற்கண் நேர்வது அச்சமன்று, எரிச்சலே. பொறியின் விரைவையே கடிகாரமாகக் கொண்டு எழுதப்பெற்ற பழைய விளையாட்டுகள் இன்றைய கணினியிற் கண்ணிமைக்கும் நேரத்துள் ஓடி முடிந்துவிடும். விளையாட்டு 32 இருமத்ததாயிருந்தும் அதனை நிறுவும் நிரல் 16 இருமத்ததாயின், 64 இரும வின்டோஸ் அதனைத் தீண்டாது. இசையை இறுவட்டின் தனித் தடங்களாகப் பதித்து வைத்த விளையாட்டுகள், வட்டுப் பேழையே இல்லாத கணினிகளில் ஊமையாகின்றன. 2002ஆம் ஆண்டு கணினிக்கென வெளிவந்த சைலன்ற் ஹில் இரண்டாம் பாகம், ஒரே மூளையுடைய கணினியை நினைந்து எழுதப்பட்டதாகலின், பல மூளையுடைய கணினியில் ஒலி சிக்குண்டு ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப அரற்றி நின்றுவிடும். இவையெல்லாம் செல்லரித்த இடங்கள். இவற்றைச் சீர்செய்வதில் எவரும் பிணங்கார்.

ஒலிபற்றிய குறை இவற்றினும் நுட்பமானது. 2007ஆம் ஆண்டு வின்டோஸ் விஸ்ரா வெளிவந்தபோது, ஒலியட்டைகள் முன்பு நேரே செய்துவந்த திசையொலி வேலை அவற்றின் கையிலிருந்து பறிக்கப்பட்டது. விளையாட்டு இயங்கும், ஓசையும் கேட்கும், ஆயின் மண்டபத்தில் எழும் எதிரொலியும் குறுகிய குழாய்வழியில் எழும் எதிரொலியும் ஒன்றாகிவிடும். அச்ச விளையாட்டுக்கு இது சிறு குறையன்று. 1999ஆம் ஆண்டு இராஷனல் கேம்ஸ், லுக்கிங் கிளாஸ் ஆகிய இரு நிறுவனங்கள் கூடி ஆக்கிய சிஸ்ரம் ஷொக் இரண்டாம் பாகத்தில், விண்கலமொன்றின் தாழ்வாரங்களில் உருமாறிய மாந்தர் திரிகின்றனர். தாக்க வரும்போதே தம்மைக் கொன்றுவிடுமாறு இரந்து புலம்புவது அவர்தம் இயல்பு. அப்புலம்பல் எத்திசையிலிருந்து வருகின்றது, எவ்வளவு தொலைவில் எழுகின்றது என ஆடுபவன் செவிகொண்டு அளந்தே அடியெடுத்து வைத்தல் வேண்டும். திசை மறைந்த ஒலி அவ்விளையாட்டில் அரைகுறைப் பாடமேயாகும்.

அவ்விளையாட்டு மீண்ட கதையும் ஈண்டுக் கூறத்தக்கது. லுக்கிங் கிளாஸ் நிறுவனம் 2000ஆம் ஆண்டிலே மூடப்பட்டது. விளையாட்டின் உரிமை சுற்றிச் சுழன்று ஒரு காப்புறுதி நிறுவனத்தின் கையில் தங்கிற்று. காப்புறுதிக்காரர் அதனை வைத்து என் செய்வர்! 2012ஆம் ஆண்டு ஸ்ரீவன் கிக் என்னும் விளையாட்டுக் கலைஞர் தொழிலை விட்டுப் பயணம் செய்துகொண்டிருந்தவிடத்து, குவாத்தமாலா நாட்டிலே தமது சிறு கணினியில் அவ்விளையாட்டை ஆட விரும்பினார், அது இயங்கவில்லை. விலைக்கு வாங்க முயன்றார், எங்கும் விற்பனைக்கில்லை. உரிமை எவரிடம் உள்ளது எனத் தேடிச்சென்று, அனுமதி பெற்று, நைற்டைவ் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்து, 2013ஆம் ஆண்டில் அதனை மீண்டும் விற்பனைக்குக் கொணர்ந்தார். அதே 2012ஆம் ஆண்டிலேயே, புனைபெயருள் மறைந்த ஒருவர் அவ்விளையாட்டின் இயக்கு நிரலைப் புதிய கணினிக்கு இசையத் திருத்தி, இழந்த எதிரொலியையும் மீட்டு, விலையின்றி உலகுக்கு அளித்திருந்தார். ஆக்கியோர் கலைந்துபோக, உரியவர் மறந்துபோக, ஆர்வலர் இருவரின் பிடிவாதத்தால் ஒரு நல்ல படைப்பு பிழைத்தது என்க.

இத்தகைய இடர் எதனையும் அறியாத விளையாட்டும் ஒன்றுண்டு. ரெக்சாஸ் மாநிலத்து இட் சொவ்ற்வெயர் நிறுவனத்தார் 1993ஆம் ஆண்டு மார்கழி 10ஆம் நாள் வெளியிட்ட டூம், செவ்வாய்க் கோளின் துணைக்கோளிலே தனித்து நின்று பேய்க்கணங்களைச் சுட்டுவீழ்த்தும் வீரன் ஒருவனின் கதையாகும். கதை என்று கூறுதற்குரியது அதில் மிகச் சிறிதே. விரைவும் வெறியும் இடவமைப்புமே அதன் உயிர். அதனை ஆக்கியோருள் முதன்மை நிரலாளராகிய ஜோன் கார்மக், இயக்கு நிரலை வேறாகவும், படம், ஒலி, கட்டடவமைப்பு ஆகியவற்றை அடக்கிய கோப்பை வேறாகவும் பிரித்தமைத்தார். 1997ஆம் ஆண்டு மார்கழியில் இயக்கு நிரலின் மூலம் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டது. 1999இல் எவரும் தடையின்றி எடுத்தாளும் உரிமமும் அதற்கு அளிக்கப்பட்டது. ஆசிரியனே தன் மூலச் சுவடியை ஊரம்பலத்தில் வைத்துச் சென்றதை ஒக்கும் இச்செயல். அதனால் டூம் இயங்காத பொறி இன்று உலகில் அரிது.

மூலம் ஒன்றாயினும் பதிப்புகள் பல எழுந்தன. அவற்றுள் இரண்டு தம்முள் மாறுபட்ட இரு கொள்கைகளுக்குச் சான்றாவன. சொக்கலேற் டூம் என்னும் பதிப்பு, 320க்கு 200 என்னும் பழைய புள்ளிக் கணக்கையும், வினாடிக்கு 35 படம் என்னும் பழைய வேகத்தையும் அப்படியே காக்கின்றது. பழைய திரையிலே அப்புள்ளிகள் அகலத்தினும் உயரம் மிக்கனவாய்த் தோன்றின. இன்றைய திரையின் சதுரப் புள்ளிகளில் இட்டாலோ உருவங்கள் யாவும் சப்பித் தோன்றும். அதனையும் இப்பதிப்பு அளவறிந்து நீட்டித் தருகின்றது. அம்மட்டோ! மூல நிரல் எந்த எல்லையைக் கடந்தால் நிலைகுலைந்து நின்றதோ, அந்த எல்லையில் இதுவும் நிலைகுலைந்து நிற்குமாறு செய்யப்பட்டுள்ளது. எழுத்துப்பிழையையும் எழுத்தெண்ணிக் காக்கும் பதிப்பாசிரியரின் இயல்பு இது. ஜி.இசட். டூம் என்னும் மற்றையதோ விருத்தியுரை போன்றது. அண்ணாந்து நோக்கலாம், குதிக்கலாம், ஒளியும் நிழலும் புதியன சேர்க்கலாம், புதிய விளையாட்டுகளையே அதன்மேற் கட்டியெழுப்பலாம்.

மூல டூமிலே குதித்தல் இல்லை, மேனோக்கலும் இல்லை. மேற்றளத்து நிற்கும் எதிரியை நோக்கித் துப்பாக்கியை உயர்த்த வேண்டுவதின்று; நேர்திசையிற் சுட்டாலே குண்டு தானாக மேலேறும். இது பொறியின் வலுவின்மையாற் பிறந்த வரம்பு என்பது வெளிப்படை. ஆயின், ஜோன் ரொமேரோ வகுத்த முதல் மண்டபத்திலே, சன்னலுக்கு அப்பால் முற்றத்தில் நீலக் கவசமொன்று ஒளிர்ந்து தோன்ற, அதனை அடையும் மறைவழியைச் சுவர்களிற் றடவித் தேடுமாறு ஆடுபவன் விடப்படுகின்றான். காட்டி மறைக்கும் இவ்வகை அமைப்புகள், தாண்டவியலாத படியும் ஏறவியலாத திண்ணையும் உண்டென்னும் துணிபின் மேல் எழுந்தவை. குதிக்கும் வசதியைப் பின்வந்தோர் புகுத்துமிடத்து, ஆசிரியன் ஆராய்ந்து இட்ட பூட்டுகள் பல தாமே திறந்துகொள்கின்றன. வசதி மிகுந்தது, இடவமைப்பின் நயம் குன்றிற்று. எனினும் டூம் வலிய விளையாட்டாகலின் இவ்விழப்பைத் தாங்கும். அதன் இன்பம் செயலில் உள்ளது. செயல் எப்பதிப்பிலும் குறைவதில்லை. அச்சத்தை நம்பி நிற்கும் விளையாட்டுகளின் நிலையோ வேறு.

அச்சம் எண்வகை மெய்ப்பாட்டுள் ஒன்றென்பதும், அது அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கு நிலைக்களங்களிற் பிறப்பதென்பதும் தொல்காப்பியர் கொள்கை. அச்ச விளையாட்டுகளிலே கள்வர்க்கும் இறைக்கும் இடம் மிகச் சிறிது. அவற்றில் நிறைந்து திரியும் நடைப்பிணங்களை அணங்கின்பாற் படுப்பதா, விலங்கின்பாற் படுப்பதா என்பது உரையாசிரியர்க்கு நல்ல விருந்தாகும். ஆயின் எப்பொருளைக் கண்டு அச்சம் பிறக்கின்றது என்பதினும், எவ்வாறு காட்டினால் அது பிறக்கும் என்பதே இவ்விளையாட்டுகளைத் திறனாய்வார்க்கு வேண்டுவது. அழகையும் பெருமிதத்தையும் பற்றி 1757ஆம் ஆண்டில் நூலியற்றிய எட்மண்ட் பேர்க் என்னும் அறிஞர், பேரச்சத்துக்குத் தெளிவின்மை இன்றியமையாதது என நாட்டினார். இடரின் அளவு முழுதும் கண்ணுக்குப் புலனாகுமிடத்து அச்சத்திற் பெரும்பகுதி அகன்றுவிடும் என்பது அவர் கருத்து. புதிய கணினியும் புதிய திரையும் தருவதாக விளம்பரஞ் செய்யப்படுவது தெளிவேயன்றோ? இம்முரணிலேதான் பழைய அச்ச விளையாட்டுகளின் சோதனை தொடங்குகின்றது.

2004ஆம் ஆண்டு வெளிவந்த டூம் மூன்றாம் பாகம் இதற்குத் தெளிவான சான்று. அது முதற் டூமின் ஆரவாரத்தைக் கைவிட்டு இருளை மேற்கொண்டது. செவ்வாய்க் கோளிலுள்ள ஆய்வுக்கூடத்தின் விளக்குகள் அவிந்து கிடக்கின்றன. வீரன் கையில் ரோச் என வழங்கும் மின்சூள் ஒன்றுண்டு, துப்பாக்கியும் உண்டு. ஆயின் இரண்டையும் ஒருங்கே ஏந்தவியலாது. மின்சூளை ஏந்தினால் எதிரியைக் காணலாம், கொல்லவியலாது. துப்பாக்கியை ஏந்தினால் கொல்லலாம், காணவியலாது. உறுமல் கேட்டவுடன் ஆடுபவன் ஒரு கணம் ஒளியை விடுத்து ஆயுதத்தை எடுக்கின்றான். அக்கணத்திலே எதிரியின் உருவம் இருளில் மறைகின்றது. எந்தத் திசையில் அதனைக் கண்டோம் என்னும் நினைவை நம்பியே சுடவேண்டும். அவ்விளையாட்டின் அச்சம் முழுவதும் இவ்வொரு விதியிற் றங்கியிருந்தது என்று கூறின் மிகையாகாது.

மக்கள் இதனை ஏற்றிலர். விண்வெளியிற் குடியேறிய மனிதர்க்குத் துப்பாக்கியில் விளக்கைப் பிணைக்கும் அறிவு இல்லையோ என எள்ளிநகையாடினர். எள்ளல் நியாயமானதே, கதையின் இயல்புக்கு அவ்விதி பொருந்தவில்லை. விளையாட்டு வெளிவந்த சில நாட்களுள், துப்பாக்கியில் விளக்கை ஒட்டுநாடாவாற் சுற்றிக் கட்டியதாகப் பாவித்து, இரண்டையும் ஒருங்கே ஆள வகைசெய்யும் திருத்தமொன்றை ஆர்வலர் ஒருவர் செய்து வெளியிட்டார். அது பெரிதும் பரவிற்று. எட்டாண்டுகளின் பின்னர், 2012இல், நிறுவனத்தாரே வெளியிட்ட புதுப்பதிப்பிலே விளக்கு வீரனின் கவசத்தில் ஏறிற்று. இருள் சற்றே வெளுத்தது. குண்டுகளும் முன்னையினும் மிகுதியாகக் கிடைத்தன. அப்பதிப்பை ஆடினோர் பலர், இதில் அஞ்சத்தக்கது யாது என வினவியதில் வியப்பில்லை. இருட்டறையில் எதிரிகள் முன்போலவே சுவர்ப்பொறையிலிருந்து பாய்கின்றனர். ஆனால் ஒளியா ஆயுதமா என்னும் தெரிவு அழிந்துவிட்டது. தெரிவு அழிந்தவிடத்து எஞ்சியது, ஒரே வகையான திடுக்கீடு பன்முறை வரும் சலிப்பே. 2019ஆம் ஆண்டில் பிற விளையாட்டுப் பொறிகளுக்கு இது மீள வந்தபோதும் கவச விளக்கோடேயே வந்தது. ஆதலின் அவற்றில் ஆடிய இளைஞர் மூலத்தின் இருளை அறியார். நூலொன்றின் உயிர்நிலையான அதிகாரத்தை நீக்கிவிட்டு அதனைத் திருந்திய பதிப்பென விற்றதனோடு இது ஒக்கும். முதலில் எள்ளினோர்க்கும் இதிற் பங்குண்டு என்பதை மறுத்தலாகாது. தடையை வெறுத்தோர் தடையால் விளைந்த இன்பத்தையும் இழந்தனர்.

இருளை விடுத்துக் கட்டடத்தை நோக்குவோம் எனின், முன்னிற்பது றெசிடென்ற் ஈவில். யப்பான் நாட்டுக் கப்கொம் நிறுவனத்திலே ஷின்ஜி மிகாமி நெறிப்படுத்தி 1996ஆம் ஆண்டு வெளிவந்த இவ்விளையாட்டு, காட்டுநடுவே தனித்த மாளிகையொன்றில் அடைபட்ட காவற்படையினர் நடைப்பிணங்களினின்று தப்பியுய்யும் வரலாறு. அக்காலத்துப் பிளேஸ்ரேஷன் பொறி, அறை முழுவதையும் கணந்தோறும் வரைந்து காட்டும் ஆற்றல் அற்றது. ஆகலின் அறைகளெல்லாம் முன்கூட்டியே வரைந்த ஓவியங்களாக அமைக்கப்பட்டன. ஓவியத்தின் மேல் உருவங்கள் மட்டும் உலவின. ஓவியம் அசையாதாகலின் கமராவும் அசையாது. நடப்பவன் ஒரு மூலையைத் திரும்பினால் காட்சி வெட்டி மாறும். மூலைக்கு அப்பால் நிற்பது யாது என்பதை ஆடுபவன் காணான். முனகலையும் கால் இழுபடும் ஓசையையும் மட்டுமே கேட்பான். இம்முறை யப்பானியர் புதிதாகக் கண்டதன்று. 1992ஆம் ஆண்டிலே பிரெஞ்சு நாட்டு அலோன் இன் த டார்க் கணினிக்கென இதனைக் கையாண்டுவிட்டது. எனினும் அதனை அச்சத்தின் இலக்கணமாக வகுத்தவர் மிகாமி எனலாம்.

இயக்கும் முறையும் இதனோடு பிணைந்தது. மேல்விசையை அழுத்தினால் திரையின் மேற்புறம் செல்லாது, உருவம் தான் நோக்கும் திசையிற் செல்லும். திரும்பவேண்டின் நின்றவிடத்தே சுழலவேண்டும். காட்சி திடீரென வெட்டி மாறினும் செல்லும் திசை குழம்பாதிருத்தற்கு இதுவே தக்க வழி. ஆயினும் புதிதாக ஆடுவோர்க்கு இது வண்டிமாட்டைத் திருப்புவது போலத் தோன்றும். 2015ஆம் ஆண்டு கணினிக்கு வந்த புதுப்பதிப்பில், விரும்பினோர்க்கு எனப் புதிய இயக்குமுறை சேர்க்கப்பட்டது. நினைத்த திசையில் நினைத்தவுடன் ஓடலாம். ஆயின் அந்நடைப்பிணங்கள், மெல்லத் திரும்புவானொருவனைப் பிடித்தற்கு ஏற்ற வேகமே உடையன. உடனே திரும்பி ஓடுவோனுக்கு அவை ஊர்ந்து செல்லும் மரப்பாவைகள். இடுங்கிய தாழ்வாரத்தில் நடைப்பிணத்தைக் கடப்பதா, குண்டொன்றைச் செலவிடுவதா என்னும் கவலை அங்கே கரைந்துபோகின்றது. பழைய முறையையும் அப்பதிப்பாளர் நீக்காது விட்டமை பாராட்டத்தக்கது.

அகன்ற திரைக்கு ஏற்பச் செய்தவிடத்தும் இத்தகையதோர் இடர் நேர்ந்தது. நான்குக்கு மூன்று என்னும் பழைய திரையளவுக்கு வரைந்த ஓவியத்தைப் பதினாறுக்கு ஒன்பது என்னும் புதிய அளவுக்குள் அடக்கவேண்டின் மேலும் கீழும் வெட்டுதல் வேண்டும். வெட்டிய பகுதி தோன்றுமாறு நடப்பவனோடு ஓவியம் மேலுங்கீழும் நகர்த்தப்படுகின்றது. அசையாத கண்ணொன்று மூலையிலிருந்து உற்றுநோக்குகின்றது என்னும் உணர்ச்சி இதனாற் சற்றே குலைகின்றது. பழைய அளவையும் தெரிந்துகொள்ளலாம் என்பது ஆறுதல்.

கதவுகள் பற்றித் தனியே கூறல் வேண்டும். ஓர் அறையினின்று மற்றோர் அறைக்குப் புகும்போது, கரிய வெளியில் கதவொன்று மட்டும் தோன்றி, மெல்ல முனகித் திறக்கும். அடுத்த அறையை இறுவட்டினின்று எடுக்கும் காலத்தாழ்வை மறைத்தற்குச் செய்த உபாயம் அது. இன்றைய கணினிக்கு அத்தாழ்வு இல்லை. ஆகவே அக்காட்சியைத் தாண்டிச் செல்லும் திருத்தங்களை ஆர்வலர் செய்து வைத்துள்ளனர். வேகமாக ஆடி முடிப்பதையே போட்டியாகக் கொண்டார்க்கு அது வேண்டியதுதான். ஆயின் அச்சில வினாடிகளிலே ஆடுபவன் செயலற்று நிற்கின்றான். திறந்தபின் காண்பது யாதோ என நெஞ்சம் முந்துகின்றது. கதவு மூடியபின் பின்தொடர்ந்தவை வாரா என்னும் நிம்மதியும் அக்கதவினாலேயே பிறக்கின்றது. 1999ஆம் ஆண்டு வெளிவந்த மூன்றாம் பாகத்தில், துரத்தும் அரக்கன் கதவைத் தாண்டியும் பின்வருமாறு செய்தபோது, மூன்றாண்டு பழகிய அந்த நிம்மதியே பொய்யாக்கப்பட்டது. கதவுக்குப் பொருளில்லையாயின் அப்பொய்க்கும் பொருளில்லை.

இவ்வாறு கூறுதலால் மாற்றம் யாவும் தீதென்று கொள்ளற்க. 2002ஆம் ஆண்டு மிகாமி தாமே முன்னின்று முதற் பாகத்தை முழுவதும் புதிதாக ஆக்கினார். படம் அழகுபெற்றது, ஆனால் தடை ஒன்றும் தளரவில்லை, மிகுந்தது. வீழ்த்திய நடைப்பிணத்தை எரியாது விட்டால் அது பின்னர்ச் செந்தலையோடு எழுந்து ஓடிவரும். எரிப்பதற்கு வேண்டும் எண்ணெயோ சிறிதே. 1996இல் ஆடினோர் மறவாத இடம் ஒன்றுண்டு: தாழ்வாரத்தில் நடக்கையில் சன்னலை உடைத்துக்கொண்டு நாய் பாயும். மறுவாக்கத்தில் அதே தாழ்வாரம் வருகின்றது, பழகியவன் துப்பாக்கியை ஏந்திக் காத்திருக்கின்றான், கண்ணாடி கீறல் விடுகின்றது, அவ்வளவே, நாய் வரவில்லை. அவன் அயர்ந்து மீளும்போதே அது பாய்கின்றது. பழைய பாடத்தை மனனஞ் செய்தவனை அம்மனனத்தாலேயே வீழ்த்தும் இத்திறன், மூலத்தை உணர்ந்த ஆசிரியனுக்கன்றிப் பிறர்க்கு வாய்ப்பதரிது. மீள ஆடுதலின் உண்மையான இன்பத்தை இவ்விடத்திற் காணலாம்.

2019இல் வந்த இரண்டாம் பாக மறுவாக்கம் அசையாக் கமராவை அறவே விடுத்து, கமராவைத் தோளருகே வைத்தது. மூலையின் மறைவு அதனால் ஒழிந்தது. அதற்கீடாக, காவல் நிலையமெங்கும் தன்போக்கில் உலாவும் நெடியோன் ஒருவனின் காலடியோசையைச் சுவர்களுக்கு அப்பாலிருந்து கேட்குமாறு செய்தனர். கண் இழந்த தெளிவின்மையைச் செவி பெற்றது. இஃது ஏற்கத்தக்க மாற்று. ஆயினும் 1998ஆம் ஆண்டின் விளையாட்டை அறிந்தோம் என இதனை ஆடினோர் கூறுதல் பொருந்தாது.

மூடுபனியின் கதை இவை எல்லாவற்றினும் இரங்கத்தக்கது. 1999ஆம் ஆண்டு கொனாமி நிறுவனம் வெளியிட்ட சைலன்ற் ஹில், ஊரொன்றை முழுவதும் திரையிற் காட்ட முனைந்தது. பிளேஸ்ரேஷனுக்கு அது ஏலாது. எனவே ஊரைப் பனியால் மூடினர். இரவில் இருளால் மூடினர். சில அடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. அரக்கர் அணுகும்போது கைவானொலி இரைவதே முன்னறிவிப்பு. வறுமை இங்கே அணியாயிற்று. 2001ஆம் ஆண்டின் இரண்டாம் பாகத்தில், வலிமிக்க பொறி கிடைத்தும் பனியை அவர் கைவிடவில்லை. கருத்துக்குரிய உருவமாகவே அதனை வைத்துக்கொண்டனர். இறந்த மனைவியின் கடிதம் பெற்று அவ்வூருக்கு வரும் ஜேம்ஸ் என்பவனின் உள்ளத்துக்கும் அப்பனிக்கும் வேற்றுமையில்லை. தன் செயலைத் தானே காணாதிருக்க விரும்புபவன் அவன். தொடக்கத்தில், ஏரியை நோக்கிய மேட்டிலிருந்து ஊருக்கு இறங்கும் நெடிய ஒற்றையடிப் பாதையிலே பகைவர் ஒருவரும் இலர். நடையும் பனியுமே உள்ளன. மீள்வதற்கு இத்துணைத் தூரம் நடக்கவேண்டுமே என்னும் தயக்கத்தை அந்நடையே ஆடுபவன் நெஞ்சில் விதைத்துவிடும்.

2012ஆம் ஆண்டு அதனைப் புதிய பொறிகளுக்குக் கூர்மையான படத்தோடு வெளியிட்டனர். நிறைவுற்ற மூலநிரல் நிறுவனத்திடம் காக்கப்பட்டிருக்கவில்லை. முற்றுப்பெறாத நிரலை வைத்துக்கொண்டே புதுக்கியோர் வேலை செய்யவேண்டியதாயிற்று. சுவடியின் கடைசி ஏடுகளை இழந்தபின் பதிப்பிக்க அமர்ந்ததை ஒக்கும் இது. விளைந்தது யாது? பனி மெலிந்தது. பனிக்குப் பின்னே மறைந்திருக்க வேண்டிய வெறுமை, ஒன்றும் கட்டப்படாத வெறுமை, வெட்டவெளிச்சமாயிற்று. அரங்கின் பின்றிரை கிழிந்து, பின்னே நிற்கும் ஏணியும் வாளியும் தோன்றியது போலும். ஆயின் 2002ஆம் ஆண்டின் கணினிப் பதிப்பை எடுத்துக்கொண்ட ஆர்வலர் கூட்டமொன்று, ஊதியம் எதிர்பாராது, பனியையும் நிழலையும் ஒலியையும் மூலத்தோடு ஒப்புநோக்கி ஆண்டுக்கணக்கிற் செப்பஞ்செய்து வருகின்றது. உரிமையுடையார் செய்யத் தவறியதை உரிமையில்லார் செய்தனர்.

இதற்கு மறுதலையாக ஒன்று கூறலாம். இளமையில் ஆடியவர்க்கு அக்காலத்து இடர்ப்பாடுகளும் இனிக்கும்; அவ்வினிமையைக் கலைநயம் என மயங்குகின்றனர் என்பதே அது. இக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. 2007ஆம் ஆண்டு கணினிக்கு வந்த றெசிடென்ற் ஈவில் நான்காம் பாகத்தில் சுட்டியாற் குறிபார்க்கவியலாது. ஒளியமைப்பும் மூலத்தினும் குன்றியது. அவற்றைப் போற்றுவார் எவருமிலர், போற்றவும் வேண்டா. ஆர்வலர் சிலர் பல்லாண்டு உழைத்து அதன் படங்களைத் திருத்தி 2022இல் முடித்தபோது, இழந்தது ஒன்றுமில்லை, பெற்றதே பெரிது. ஆகவே வேறுபாடு காண வழியுண்டு. ஒரு தடையை நீக்கியபின் அவ்விளையாட்டில் ஆடுபவன் எடுக்கவேண்டிய முடிவுகள் குறைகின்றனவா என நோக்குக. சுட்டி வந்ததால் எந்த முடிவும் குறையவில்லை. கவசத்தில் விளக்கு ஏறியதால் ஒவ்வோர் அறையிலும் எடுத்த முடிவொன்று மறைந்தது. சிஸ்ரம் ஷொக் இரண்டாம் பாகத்தில் துப்பாக்கிகள் விரைவிற் பழுதுறுவதை ஆடுவோர் வெறுத்தனர். அதனை நிறுத்திவைக்கும் வசதி பின்னர் அளிக்கப்பட்டது. நிறுத்தி ஆடினோர் பழுதுபார்க்கும் கலையைத் தம் வீரனுக்குக் கற்பிப்பதா என எண்ணவேண்டிய தேவையையும் உடன் இழந்தனர். இளமை நினைவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அன்றியும், 2022இல் இருவர் கூடி ஆக்கிய சிக்னாலிஸ் போன்ற புதிய விளையாட்டுகள், பழைய பொறியின் மங்கிய படத்தையும் குறைந்த கைப்பொருளிடத்தையும் வேண்டுமென்றே மேற்கொண்டுள்ளமை, அவ்விதிகளின் பயனை அறிந்தே செய்ததாகும்.

விலைக்குக் கிடையாத விளையாட்டுகளை ஆய்வாளர் தம் இருப்பிடத்திலிருந்தே அணுகுமாறு அளிக்க நூலகங்களுக்கு அனுமதி வேண்டும் என்ற விண்ணப்பத்தை, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024ஆம் ஆண்டு ஐப்பசியில் நிராகரித்தது. அதே ஆண்டில், போலந்து நாட்டு ஜி.ஓ.ஜி. என்னும் விற்பனையகம் 1996 முதல் 1999 வரை வெளிவந்த றெசிடென்ற் ஈவில் மூன்று பாகங்களையும், கதவும் அசையாக் கமராவும் மாறாமல், புதிய கணினியில் இயங்குமாறு செய்து விற்பனைக்கு வைத்தது. மறுவாக்கத்தையும் மூலத்தையும் அருகருகே வைத்து ஒப்பிட விரும்புவார்க்கு இனித் தடையில்லை. சைலன்ற் ஹில் இரண்டாம் பாகத்துக்கு அந்நல்லூழ் வாய்க்கவில்லை. அதன் மறுவாக்கம் அதே ஐப்பசியில், மீண்டும் அடர்ந்த பனியோடு வெளிவந்து நன்மதிப்பும் பெற்றது. கணினிக்குரிய மூலமோ அப்போது எக்கடையிலும் இல்லை. அதனை நாடியவர்கள் 2002ஆம் ஆண்டின் இறுவட்டைப் பழம்பொருள் விற்போரிடம் தேடவேண்டியவராயினர். வட்டுக் கைக்கு வந்தபின்னும், ஆர்வலர் திருத்தத்தை இட்டு, கணினியின் பல மூளைகளை ஒரு மூளையளவுக்கு அடக்கிய பின்னரே ஏரிக்கரை மேட்டிலிருந்து ஜேம்ஸ் இறங்கத் தொடங்குகின்றான்.